கசியும் மின்னூட்டத்தை அளத்தல்: வடசென்னை ஆய்வகத்தில் கூலூம் விதி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கரையோரத்தில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு நிலைமின்னியல் செய்முறையைத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் கிடைக்கும். அலுமினியப் பூச்சு பூசிய இரண்டு தெர்மோகோல் உருண்டைகள் நூலில் தொங்குகின்றன. கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயைக் கொண்டுபோய்த் தொட்டதும் இரண்டும் சட்டென்று விலகி, நாலு விரற்கடை இடைவெளியில் நிற்கின்றன. மாணவி அளவுகோலை எடுத்துவந்து பிடிப்பதற்குள் அந்த இடைவெளி இரண்டு விரற்கடையாகி, ஒன்றாகி, உருண்டைகள் மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டில் விசைக்கும் தொலைவுக்குமான மடக்கை வரைபடத்தின் சாய்வு, தொலைவு இருமடங்கானால் விசை நான்கில் ஒன்றாகும் என்ற கூலூம் விதிப்படி, கச்சிதமாக மைனஸ் 2 என்று வந்திருக்கிறது.

மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பினேன்; அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த அட்டவணையில் நான் எழுதாமல் விட்ட ஒன்றே, எந்த நிமிடத்தில் எந்த அளவை எடுத்தேன் என்பதே, அந்தச் செய்முறையில் இருந்த உண்மையான இயற்பியல் என்பது பல ஆண்டுகள் கழித்து, அதே செய்முறையைப் பிறருக்குக் கற்பிக்க நேர்ந்தபோதுதான் புரிந்தது. கடற்கரை ஊரில் நிலைமின் விசையை அளக்க விரும்புகிறவர் முதலில் அளக்கவேண்டியது விசையை அல்ல, மின்னூட்டம் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதை.

எவ்வளவு சிறிய விசையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும். 1.9 செ.மீ. ஆரமுள்ள ஓர் உலோகக் கோளத்தின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 2.1 பிகோஃபாரடு. அதை 6,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் தங்கும் மின்னூட்டம் 12.7 நானோகூலூம். அதே அளவு மின்னூட்டம் கொண்ட இன்னொரு கோளத்தைப் 10 செ.மீ. தொலைவில் வைத்தால், கூலூம் மாறிலியான 8.99×10⁹ என்பதைக் கொண்டு கணக்கிட, இரண்டுக்கும் இடையிலான விலக்கு விசை சுமார் 0.000145 நியூட்டன். இது 15 மில்லிகிராம் எடைக்குச் சமம். சௌகார்பேட்டை நகைக்கடைத் தராசில் பொற்கொல்லர் 'மில்லி' என்று சொல்கிற கணக்கில் பதினைந்து மில்லி, ஒரு குன்றிமணி எடையில் சிறு பங்கு. அளக்க முடியாத அளவுக்குச் சிறியதல்ல. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இன்று பல ஆய்வகங்களில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து மில்லி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாகவும் எட்டாகவும் குறைந்துகொண்டே போனால் என்ன செய்வது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி, விதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் கூலூமுக்கும் இருந்தது. 1785ஆம் ஆண்டு, மெல்லிய கம்பியின் முறுக்கைக் கொண்டு விசையை அளக்கும் தம் முறுக்குத் தராசால் அவர் வெளியிட்ட விலக்கு விசைச் சோதனையில் மூன்றே அளவீடுகள் உள்ளன. முதலில் இரு உருண்டைகளும் 36 பாகை விலகி நின்றன. மேலே உள்ள குமிழை 126 பாகை திருகியபோது இடைவெளி 18 பாகையாகக் குறைந்தது. அப்போது கம்பியின் மொத்த முறுக்கு 144 பாகை, அதாவது முதல் முறுக்கான 36 பாகையைப்போல் நான்கு மடங்கு. 567 பாகை திருகியபோது இடைவெளி 8.5 பாகை, மொத்த முறுக்கு 575.5 பாகை, ஏறத்தாழப் பதினாறு மடங்கு. இடைவெளி பாதியானால் விசை நான்கு மடங்கு என்ற விதி இந்த மூன்று எண்களின்மீது நிற்கிறது. கவனித்துப் பார்த்தால் மூன்றாவது எண் சற்று இடறுகிறது: 8.5 பாகைக்கு விதி கேட்கும் முறுக்கு 646 பாகை அளவில் இருக்கவேண்டும். கிடைத்தது அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. கூலூம் தம் மூன்று அளவீடுகளையும் இரண்டே நிமிடங்களில் முடித்துவிட்டதாகவும், அதற்குள் இழந்த மின்னூட்டம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் குறிப்பிடுகிறார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே இதன் பொருள். அதே வரிசையில் அவர் எழுதிய மூன்றாவது கட்டுரை முழுவதுமே, தனித்து நிற்கும் ஒரு பொருள் ஈரக்காற்றாலும் தாங்கிகளின் வழியாகவும் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மின்னூட்டத்தை இழக்கிறது என்பதைப் பற்றியது. நம் பாடநூல்கள் முதல் கட்டுரையின் முடிவை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டன. பாரீசைவிட நமக்குத்தான் அந்த மூன்றாவது கட்டுரை அதிகம் தேவைப்படுகிறது.

கசிவு எங்கே நடக்கிறது என்பதில் ஒரு தவறான கருத்து பரவலாக இருக்கிறது. 'ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மின்னூட்டம் காற்றில் கரைந்துபோகிறது' என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், ஆசிரியர்களும் சொல்லித்தருகிறோம். உண்மையில் நீராவி கலந்த காற்றும் நல்ல மின்காப்புப் பொருளே. மின்னூட்டம் தப்பித்துப் போகும் பாதை, நூலின் மேலும் தாங்கும் தண்டின் மேலும் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம். தூய நீர்ப்படலமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. வடசென்னையில் அது உப்புநீர்ப் படலம். கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து, ஜன்னல் கம்பியில் துருவாகவும், ஆய்வகத்தின் பிளாஸ்டிக் தண்டுகளில் உப்புப் பூச்சாகவும் தங்குகின்றன. சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசத்துக் கிடப்பது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது கரைவதற்கு ஒப்பு ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும். சென்னைக் காற்று அதற்குக் கீழே வறண்டுபோகும் நேரம் மிகவும் குறைவு. ஆகவே துடைக்காமல் விட்ட தண்டு ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் அளவில் கடத்திக்கொண்டேதான் இருக்கும். கடலோர மின்நிலையங்களில் உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பான்களை அவ்வப்போது கழுவ வேண்டியிருப்பதற்குக் காரணமும் இதே உப்புதான்.

காப்பு எவ்வளவு நன்றாக இருக்கவேண்டும் என்பதையும் எண்ணால் சொல்லலாம். மேலே சொன்ன 2.1 பிகோஃபாரடு கோளத்தைத் தாங்கும் தண்டின் மின்தடை கோடியைக் கோடியால் பெருக்கிய அளவில், அதாவது 10¹⁴ ஓம், இருந்தால் மின்னூட்டம் தொடக்க அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு இறங்க 210 விநாடி ஆகும். அதே தடை 10¹² ஓமாக இறங்கினால் இரண்டே விநாடி. விரலால் ஒருமுறை தொட்ட வியர்வைத் தடம் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கப் போதும். சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்துக் கோளத்தின் மின்னழுத்தத்தைப் பார்க்கலாமே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். அதன் உள்தடை ஒரு கோடி ஓம். அதைக் கோளத்தில் வைத்த 21 மைக்ரோவிநாடியில் மின்னூட்டத்தின் பெரும்பகுதி மீட்டர் வழியாகவே இறங்கிவிடும். மீட்டர் காட்டுவது வெறும் சுழிதான்.

எனவே செய்முறைக்கு முன் நாங்கள் செய்வது கழுவுதல். தண்டையும் காப்புத் தாங்கிகளையும் முதலில் காய்ச்சி வடித்த நீரில் கழுவி உப்பை நீக்கவேண்டும்; வெறும் துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்து, ஹேர் டிரையர் கொண்டு மிதமாகச் சூடாக்கி உலர்த்தவேண்டும். அதன்பின் கை படக்கூடாது. தொங்கவிடுவதற்குப் பருத்தி நூல் ஆகாது, அது ஈரத்தை உள்வாங்கும். காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் மெல்லிய தூண்டில் நரம்பு எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் வைத்துவிட்டால் அரைமணி நேரத்தில் நிலைமை கண்கூடாக மாறும். கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் வாங்கும் பெரிய கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதுவே கூண்டு. கூலூமும் தம் தராசைக் கண்ணாடி உருளைக்குள்தான் வைத்திருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் கசிவு நிற்பதில்லை, மெதுவாகிறது. அது எப்படி விடையைத் திரிக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு கோளத்தின் மின்னூட்டமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 37 விழுக்காடாகக் குறைகிறது என்று கொள்வோம். விசை இரு மின்னூட்டங்களின் பெருக்கல் என்பதால் அது ஐந்தே நிமிடத்தில் அந்த அளவுக்கு இறங்கிவிடும். ஒரு மாணவர் 8, 10, 12.6, 16, 20 செ.மீ. என ஐந்து தொலைவுகளில், நிமிடத்துக்கு ஒன்றாக, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு அளக்கிறார். நான்கு நிமிடங்களில், தொலைவு மாறாமல் இருந்திருந்தால்கூட, விசை 45 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அந்தக் குறைவையும் தொலைவின் விளைவாகவே மடக்கை வரைபடம் எடுத்துக்கொள்ளும். சாய்வு மைனஸ் 2க்குப் பதில் மைனஸ் 2.87 என்று வரும். பக்கத்து மேசையில் இன்னொருவர் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு அளக்கிறார். அவருக்குக் கசிவும் தொலைவும் எதிரெதிராக வேலை செய்யும். கிடைப்பது மைனஸ் 1.13. ஒரே கருவி, ஒரே காற்று, ஒரே விதி. அளந்த வரிசை மட்டும் வேறு.

"சார், கிட்டேயிருந்து எடுத்தா கூட வருது, தூரத்திலிருந்து எடுத்தா குறைச்சலா வருது, எதை எழுதறது?" என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டார். "ரெண்டையும் எழுதும்மா, நேரத்தையும் பக்கத்துல எழுது" என்றேன். இரண்டு சாய்வுகளின் சராசரி, தொலைவுகள் ஒரே விகிதத்தில் அமைந்து அளவீடுகள் ஒரே கால இடைவெளியில் எடுக்கப்பட்டிருந்தால், கசிவை முழுவதுமாக நீக்கிவிடும். வேறுபாட்டின் பாதியிலிருந்து கசிவின் வேகமே கிடைத்துவிடும். அதைத் தனியாக, கோளங்களை நகர்த்தாமல் வைத்து நிமிடந்தோறும் விசையைக் குறித்துச் சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகும்போது ஒரு மாணவருக்கு உண்டாகும் நம்பிக்கை, நோட்டில் 2.00 என்று எழுதுவதால் உண்டாவதில்லை.

தராசே இல்லாத ஆய்வகத்தில் பலூன்கள் போதும். 2 கிராம் எடையுள்ள இரண்டு பலூன்களை ஒரே புள்ளியிலிருந்து, பலூனின் மையம் வரை ஒரு மீட்டர் இருக்குமாறு தொங்கவிட்டு, கம்பளியால் தேய்த்து விட்டால் மையங்களுக்கிடையே 30 செ.மீ. விலகி நிற்பதாகக் கொள்வோம். நூலின் சாய்விலிருந்து விசை 0.003 நியூட்டன் என்றும், அதிலிருந்து ஒவ்வொன்றிலும் சுமார் 0.17 மைக்ரோகூலூம் இருக்கிறது என்றும் கணக்கிடலாம். பலூன் கடத்தியல்ல, மின்னூட்டம் அதன்மேல் சீராகப் பரவியிருக்காது. ஆகவே இது அளவின் வரிசையைச் சொல்லுமே தவிர விதியைச் சோதிக்காது. முதலாண்டு வகுப்பில் முதல் நாளுக்கு அதுவே போதுமானது.

உலோகக் கோளங்களுக்கு வேறொரு சிக்கல். மின்னூட்டம் அவற்றில் தாராளமாக நகரும் என்பதால், இரண்டு கோளங்களும் நெருங்கும்போது ஒன்றின் மின்னூட்டம் மற்றொன்றினுடையதை அப்பால் தள்ளிவிடுகிறது. மையத்திலிருந்து மையத்துக்கு அளந்த தொலைவைவிட மின்னூட்டங்கள் உண்மையில் தூரமாக இருக்கின்றன. விசை கணக்கைவிடக் குறைகிறது. சம அளவு மின்னூட்டமுள்ள ஒத்த கோளங்களுக்கு, முதல் தோராயமாக, இந்தக் குறைவு ஆரத்துக்கும் தொலைவுக்குமான விகிதத்தின் மும்மடியைப்போல் நான்கு மடங்கு. நம் 1.9 செ.மீ. கோளங்களுக்கு 20 செ.மீ. தொலைவில் இது அரை விழுக்காட்டுக்கும் குறைவு, 10 செ.மீ.யில் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, 5 செ.மீ.யிலோ 22 விழுக்காடு. விசை பெரிதாகக் கிடைக்கிறதே என்று கிட்டத்தில் அதிக அளவீடுகள் எடுப்பவர் இந்தக் குழியில் விழுவார்.

இனி, மழைக்கால வகுப்புக்கு நான் பரிந்துரைக்கும் வழி. கசிவை எதிர்த்துப் போராடுவதைவிட, கசிந்ததை உடனுக்குடன் ஈடுசெய்வது எளிது. மின்னூட்டத்தைத் தனியே விட்டுவிடாமல் ஒரு மின்வழங்கியோடு இணைத்து வைத்தால், தண்டின் வழியாக எவ்வளவு கசிந்தாலும் மின்னழுத்தம் மாறாது. வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த தனி மின்னழுத்தமானி இந்தக் கருத்தில்தான் இயங்கியது: இரண்டு இணைத்தட்டுகளுக்கு இடையிலான கவர்ச்சி விசையைத் தராசால் எடைபோட்டு மின்னழுத்தத்தை அறிவது. நாம் அதைத் திருப்பிப் போட்டு, தெரிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து, நிலைமின் விசையின் அளவைத் தீர்மானிக்கும் மாறிலியான வெற்றிடத்தின் விடுதிறனை அளக்கலாம். பத்துக்குப் பத்து செ.மீ. உலோகத் தட்டு ஒன்று தராசின் மேல். அதை நிலத்தோடு இணைத்துவிடவேண்டும், அப்போதுதான் தராசின் மின்னணுச் சுற்றுக்கு ஆபத்தில்லை. அதற்கு 5 மி.மீ. மேலே இன்னொரு தட்டு தனித் தாங்கியில். 1,000 வோல்ட் கொடுத்தால் தராசின் காட்டல் 180 மில்லிகிராம் குறையும். 500 வோல்ட்டில் 45 மில்லிகிராம். மின்னழுத்தத்தின் இருமடிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. வழங்கியின் முனையில் ஒரு கோடி ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால், தவறுதலாகக் கை பட்டாலும் மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. கொசு மட்டையிலிருந்து உயர் அழுத்தம் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். அதன் மின்னழுத்தம் நிலையானதல்ல, உள்ளிருக்கும் மின்தேக்கி கடுமையாக அடிக்கும்.

நிலத்தோடு இணைக்கும் கம்பி தராசைத் தொட்டு இழுக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சாதாரண மின்கம்பிக்குள் இருக்கும் தலைமுடி போன்ற செப்பிழை ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, தளர்வான வளையமாக விட்டால் போதும். முழுக் கம்பியைக் கொண்டுபோய் வைத்தால் அதன் விறைப்பே பல மில்லிகிராம் காட்டும். தட்டுகளுக்கிடையிலான தொலைவில் 0.1 மி.மீ. பிழை இருந்தால் விசையில் 4 விழுக்காடு பிழை வரும். ஆகவே இந்தச் சோதனையின் துல்லியம் ஏறத்தாழ முழுவதும் வெர்னியரைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. தட்டின் விளிம்புகளில் புலக்கோடுகள் வெளியே பிதுங்குவதால் விசை கணக்கைவிடச் சற்றுக் கூடவே வரும். அதைத் தவிர்க்கத்தான் தாம்சன் தட்டைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வைத்தார்.

இந்தச் சோதனையில் மாணவர்களும், சில வேளைகளில் வினாத்தாள் தயாரிப்பவர்களும், தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மின்னழுத்தத்தை மாற்றாமல் தட்டுகளின் தொலைவை மாற்றினால் விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். உடனே, கூலூம் விதியைக் கண்டுவிட்டோம் என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். அது கூலூமின் எதிர் இருமடி அல்ல. தொலைவு குறையும்போது மின்தேக்குத்திறன் கூடி, வழங்கியிலிருந்து கூடுதல் மின்னூட்டம் வந்து சேர்வதால் உண்டாகும் இருமடி அது. வழங்கியைத் துண்டித்து, மின்னூட்டத்தை மாறாமல் வைத்து, விளிம்பு விளைவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இணைத்தட்டுகளின் விசை தொலைவைப் பொறுத்ததே அல்ல. துண்டித்த நிலையில் அளந்து காட்டலாம் என்றால் மறுபடியும் கசிவு வந்து நிற்கும். எண் ஒன்றாக இருப்பதாலேயே காரணமும் ஒன்றாகிவிடாது என்பதை எடுத்துச்சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு முதலாண்டுப் பாடத்தில் இல்லை.

எதிர் இருமடியை உண்மையிலேயே நுட்பமாகச் சோதித்தவர்கள் விசையை அளக்கவே இல்லை. ஹென்றி கேவெண்டிஷ் 1773ஆம் ஆண்டு வாக்கில், ஒரு கோளத்தைச் சுற்றி இன்னொரு கோளக் கூட்டை வைத்து, வெளிக்கூட்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, இரண்டையும் கம்பியால் இணைத்துப் பிரித்தபின் உள்கோளத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் கண்டார். விதி எதிர் இருமடியாக இருந்தால்தான் உள்ளே எதுவும் மிஞ்சாது என்பதால், தொலைவின் அடுக்கெண் 2 என்பதிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகவில்லை என்று இதிலிருந்து கணித்தார். அவர் இதை வெளியிடவில்லை. 1879இல் மேக்ஸ்வெல்தான் அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்தார். 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகியோர் இதே கருத்தின் நவீன வடிவத்தில் அந்த விலகலுக்கான வரம்பை 10⁻¹⁶ஐப் போல் சில மடங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் மேசைக்குத் திரும்புவோம். கோளச் சோதனையை எப்போது வைத்துக்கொள்வது என்பதற்கு ஊரின் காற்றே விடை சொல்கிறது. ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து கோடைக்காற்று வறண்டு வீசும் முற்பகல், கடற்காற்று கரையேறுவதற்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம், ஆண்டிலேயே நல்ல நேரம். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் அதே தண்டு, அதே கோளம், வேறொரு கருவியைப்போல் நடந்துகொள்ளும். கொண்டல் மழை கொண்டுவரும் அக்டோபர், நவம்பரில் கோளங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு இணைத்தட்டுகளை எடுக்கலாம். ஆண்டு முழுவதும் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையும் இருக்கிறது: ஒரே கோளத்தை, கழுவாமல் விட்ட ஒரே தண்டில் நிறுத்தி, வாரம் ஒருமுறை மின்னூட்டம் பாதியாக எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து, பக்கத்தில் ஈரப்பதமானியின் எண்ணையும், ஜன்னல் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதையும் எழுதிவைப்பது.